காணிக்கையின் வழிச்செலவு

கொடுக்கும் கைக்கும் பெறும் கைக்கும் இடையே எப்போதும் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை யாரேனும் ஒருவர் நடந்து கடக்க வேண்டும். நடப்பவருக்கும் பசிக்கும். ஆகவே அறத்திற்கும் ஒரு வழிச்செலவு உண்டு. நாம் இதை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. உண்டியலில் இட்ட காசு அப்படியே ஏழையின் மடியில் போய் விழுகிறது என்று நினைத்துக்கொள்வது மனத்திற்கு இதமானது. அந்த இதத்தோடு நாமும் விலகிச் சென்றுவிடுகிறோம்.

திருத்தூதர் பவுலடியார் அப்படி விலகிச் சென்றவர் அல்லர். எருசலேமில் வறுமையுற்றிருந்த இறைமக்களுக்காக அவர் மக்கதோனியாவிலும் அக்காயாவிலும் கொடை திரட்டினார். ஒவ்வொருவரும் வாரத்தின் முதல் நாளில் தம்மால் இயன்றதை ஒதுக்கி வைக்குமாறு கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். அந்தக் கொடையைக் கொண்டுசெல்வோரைச் சபையாரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். இரண்டாம் திருமுகத்தில் தீத்துவோடு வேறு இரு சகோதரரையும் அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையை நிர்வகிப்பதில் எவரும் குறை கூறிவிடக் கூடாது என்பதே அவர் சொல்லும் காரணம். தம் நேர்மையில் பவுலடியாருக்கு ஐயம் இல்லை. ஆயினும் ஆண்டவர் பார்வையில் மட்டுமன்றி மனிதர் பார்வையிலும் காரியம் நேராகத் தெரிய வேண்டும் என்று கருதினார். நிதி திரட்டுவோர் அனைவருக்கும் அந்தப் பகுதி ஒரு பாடநூல் எனலாம்.

நம் மண்ணுக்கும் இது புதிதன்று. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கிறது. ஒரு குடும்பத்தின் தேவைக்கு ஊரே கூடிப் பணம் எழுதுகிறது. அங்கே வழிச்செலவு இலையில் பரிமாறப்படும் கறிச்சோறு. சீட்டுப் பிடிப்பவர்களுக்கும் இது தெரியும். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் சீட்டு நடத்துபவர் எடுக்கும் கமிஷனுக்கு ஐந்து விழுக்காடு என்று எல்லை வகுத்தது. 2019இல் அந்த எல்லை ஏழு விழுக்காடாக உயர்ந்தது. பணத்தைக் கூட்டிச் சேர்ப்பவனுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை நாம் மறுத்ததில்லை. அந்தப் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்றே கேட்டு வந்திருக்கிறோம்.

இன்று அந்தத் தூரத்தை நடந்து கடப்பது இணையம். பெங்களூரில் 2010இல் தொடங்கிய மிலாப், மும்பையில் 2012இல் தொடங்கிய கேட்டோ, 2014இல் தொடங்கிய இம்பாக்ட் குரு ஆகிய நிதி திரட்டும் தளங்களின் பெயர்கள் இப்போது மருத்துவமனை வராந்தாக்களில் சாதாரணமாகக் காதில் விழுகின்றன. நோயாளியின் கதையையும் மருத்துவரின் செலவு மதிப்பீட்டையும் ஒரு பக்கத்தில் ஏற்றிவிட்டால், முகம் அறியாதவர்களும் கைப்பேசி வழியே கொடுக்கிறார்கள். இதன் ஆற்றலை 2021இல் நாமே கண்டோம். நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தில் தசைநார்ச் சிதைவு நோய் கண்ட ஒரு குழந்தைக்கு 16 கோடி ரூபாய் மருந்து வேண்டியிருந்தது. பொதுமக்கள் கொடுத்தார்கள். அந்த மருந்தின் மீதான பல கோடி இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. வழியில் கழியும் தொகைகளில் தளத்தின் கட்டணம் மட்டும் இல்லை, அரசின் வரியும் உண்டு என்பதை அன்று பலர் முதன்முறையாக உணர்ந்தார்கள்.

எங்கள் மலைக்கும் இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களின்மேல் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். தை, மாசி மாதங்களில் மூங்கில் ஏணியைச் சார்த்தி ஏறி மிளகு பறிப்பார்கள். அப்படி ஏறிய ஒருவர் ஏணி சறுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. அறுவை சிகிச்சையின் செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கிவிட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான அத்திட்டத்தைப் பற்றி முதலில் விசாரிக்காமல் எவரும் ஊராரிடம் கையேந்த வேண்டாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் காப்பீடு மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலி வேண்டும். மாதக் கணக்கில் இயன்முறைப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்காக இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்குப் போய்வர வண்டி வேண்டும். லயன் வீட்டின் படியை இடித்துச் சாய்தளம் போட வேண்டும். நின்றுபோன கூலிக்கு ஈடு வேண்டும். கூட்டிப் பார்த்தால் மூன்று லட்சம் ரூபாய்.

அன்பியக் கூட்டத்தில் இளைஞர்கள் இரண்டு தளங்களின் பக்கங்களைக் கைப்பேசியில் காட்டினார்கள். மூன்றாவது வழியாக, அவருடைய மனைவியின் வங்கிக் கணக்குக்கே நேராகப் பணம் அனுப்பலாம் என்றார்கள். எது நல்லது என்று பேச்சு வளர்ந்தது. அப்போது காப்பிப் பழம் பறித்தே முதுகு வளைந்துபோன ஒரு பாட்டி கேட்டார்:

“சாமி, நான் குடுக்குற நூறு ரூபாயில அந்தப் புள்ளைக்கு எவ்வளவு போய்ச் சேரும்?”

“பாட்டி, இந்த ரெண்டாவதுல கட்டணமே இல்லைன்னு போட்டிருக்கு” என்றான் ஓர் இளைஞன்.

“அப்ப அவங்க எதுல சோறு சாப்புடுறாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்விகளில் இவ்விரண்டையும்விடக் கூர்மையானது வேறில்லை. தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பாட்டியின் நூறு ரூபாயைப் பின்தொடர்ந்தோம்.

முதல் தளம் தன் கட்டணத்தை வெளிப்படையாகச் சொன்னது: ஐந்து விழுக்காடு. பணப் பரிமாற்றத்திற்கு இன்னும் இரண்டு விழுக்காடு. இவ்விரண்டின் மீதும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஆக, நூறு ரூபாயில் 8 ரூபாய் 26 காசு வழியில் கழிகிறது. 91 ரூபாய் 74 காசு போய்ச் சேர்கிறது. மூன்று லட்சத்தில் கழிவது 24,780 ரூபாய். ஒரு சக்கர நாற்காலியை வாங்கி, மீதியும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தளம் பெறுபவரிடம் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. பரிமாற்றச் செலவும் அதன் வரியும் சேர்ந்த 2 ரூபாய் 36 காசு மட்டும் போகும். ஆனால் பணம் செலுத்தும் இடத்திற்குப் போனால், தளத்தை நடத்துவதற்கான அன்பளிப்பு என்று கொடையின்மேல் பத்து விழுக்காடு முன்னதாகவே குறிக்கப்பட்டிருந்தது. விரும்பினால் அதை நீக்கலாம். நீக்கத் தெரிந்தவருக்கு 97 ரூபாய் 64 காசு போய்ச் சேரும். தெரியாதவர் நிலை என்ன? பாட்டியின் கையில் இருப்பது நூறே ரூபாய். அன்பளிப்பும் சேர்ந்து நூறாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 91 ரூபாயைத்தான் கொடையாக எழுத முடியும். அதிலும் பரிமாற்றச் செலவு போனால் நின்றது 88 ரூபாய் 76 காசு. கட்டணம் இல்லை என்ற தளம், ஐந்து விழுக்காடு கேட்ட தளத்தைவிடக் குறைவாகக் கொண்டுசேர்க்கிறது!

மூன்றாவது வழியான யு.பி.ஐ.யில் ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குச் செல்லும் நூறு ரூபாய் நூறாகவே போகிறது. கணக்கு அத்தோடு முடிந்துவிட்டது என்றே தோன்றியது. பொருளாளர் ஏட்டை மூடவும் தொடங்கினார்.

ஆனால் முடியவில்லை. நேர்வழி அறிந்தவர்களிடையேதான் செல்லும். பாட்டிக்கு அவரைத் தெரியும். அவர் விழுந்த மரத்தையும் தெரியும். திருப்பூரிலோ துபாயிலோ இருப்பவருக்கு அவரைத் தெரியாது. நோயாளியின் படத்தை எடுத்து, வங்கி எண்ணை மட்டும் மாற்றிப் புலனத்தில் சுற்றவிடும் வஞ்சகர்களும் உண்டு. மருத்துவச் சான்றுகளைச் சரிபார்ப்பதும், பணத்தைத் தேவையான இடத்திற்கு அனுப்புவதும், ரசீது கொடுப்பதும், ஐயம் எழுந்தால் பதில் சொல்வதும் உழைப்பே. அறிமுகம் இல்லாத இடத்தில் நம்பிக்கையை உண்டாக்குவதற்கான கூலியே அக்கட்டணம். அறிமுகம் உள்ள இடத்தில் அந்தக் கூலி தேவையில்லை. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்து மாட்டூல் ஊரில் 2021இல் ஒரு குழந்தைக்கு 18 கோடி ரூபாய் தேவைப்பட்டபோது, ஊரார் குழு அமைத்து வங்கிக் கணக்கின் வழியே கேட்டார்கள். சில நாட்களில் 46 கோடிக்கு மேல் வந்தது. ஊரே சாட்சியாக நின்றதால், முகம் அறியாதவர்களும் நம்பினார்கள்.

அறச்செயலுக்குக் கட்டணம் வாங்கலாமா என்று திருச்சபையே ஒரு காலத்தில் வாதிட்டிருக்கிறது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஏழைகள் அவசரத்திற்குக் கடன் வாங்கி அழிவதைக் கண்ட பிரான்சிஸ்கன் துறவியர், 1462இல் பெருஜியா நகரில் மோந்தே தி பியெத்தா என்ற அறநிதி நிலையத்தைத் தொடங்கினர். பொருளை அடகு வைத்து ஏழைகள் அங்கே கடன் பெறலாம். வட்டியே இல்லாமல் நடத்தினால் ஊழியருக்கும் வாடகைக்கும் பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. சிறு தொகை வாங்கினால்தான் நிலையம் நிலைக்கும் என்றார் பெல்த்ரே நகரப் பெர்னார்தீன். வட்டி வட்டியே, அது பாவம் என்று தொமினிக்கன் இறையியலாளர் கஜெத்தான் 1498இல் நூலே எழுதினார். இறுதியாக 1515இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கத்தில் திருத்தந்தை பத்தாம் லியோ தீர்ப்பளித்தார். நிலையத்தை நடத்தும் செலவை ஈடுசெய்யும் அளவுக்கு மட்டும், ஆதாயம் கருதாமல் வாங்குவது வட்டி ஆகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். செலவே இல்லாமல் நடத்துவது இன்னும் நிறைவானது என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.

குருமடத்தில் இதைப் படித்தபோது, தேர்வோடு மறந்துவிடும் செய்தி என்றே எண்ணியிருந்தேன். ஐந்து நூற்றாண்டுகள் கழித்து ஏற்காட்டு அன்பியக் கூட்டத்தில் அதுவே அளவுகோலாக வந்து நின்றது. கேட்கப்படும் தொகை செலவுக்கா, ஆதாயத்திற்கா? வேலை செய்பவனின் கூலியா, துயரத்தின்மேல் வைத்த விலையா?

இலவசம் என்ற சொல்லையும் இங்கே சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். 1885இல் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் இல்லாதபோது, தம் ‘வேர்ல்டு’ நாளிதழ் வழியே ஜோசப் புலிட்சர் பொதுமக்களிடம் கேட்டார். ஐந்து மாதங்களில் 1,20,000க்கும் மேற்பட்டோர் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். பெரும்பாலானவை ஒரு டாலருக்கும் குறைந்த கொடைகள். கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயரையும் நாளிதழ் அச்சிட்டது. கட்டணம் ஒரு காசும் வாங்கவில்லை. ஆனால் தம் பெயரைப் பார்ப்பதற்காக மக்கள் நாளிதழை வாங்கினார்கள்; விற்பனை பெருகியது. இதில் தவறு காண வேண்டியதில்லை. கட்டணம் இல்லை என்னும் இடத்தில் வேறு ஏதோ ஒரு வாசல் வழியே வருவாய் வருகிறது என்பதை மட்டும் அறிந்துகொண்டால் போதும். பாட்டி கேட்டதும் அதைத்தான்.

அந்த வாசல் திறந்திருக்கலாம், மறைந்திருக்கக் கூடாது. நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையத்தில் மக்களை மயக்கும் 13 தந்திரங்களைத் தடை செய்கின்றன. பணம் செலுத்தும் நேரத்தில் வாடிக்கையாளரின் இசைவின்றிக் கூடுதல் தொகையைச் சேர்ப்பது அவற்றுள் ஒன்று. நன்கொடை என்ற பெயரில் சேர்ப்பதும் அதில் அடங்கும். மறுப்பவரை வெட்கப்படுத்திப் பணிய வைப்பது மற்றொன்று. ஈகையின் பெயராலேயே ஒருவர் ஏமாற்றப்படலாம் என்பதைச் சட்டம் கண்டுகொண்டிருக்கிறது. நாமும் கண்டுகொள்ள வேண்டாமா?

சிறியோரின் கொடைக்கு வேறோர் அநீதியும் நேர்கிறது. 2010இல் அமெரிக்காவில் தொடங்கிய கோஃபண்ட்மீ, 2017 முதல் அந்நாட்டில் தனிமனிதர் நடத்தும் நிதி திரட்டல்களுக்குத் தன் ஐந்து விழுக்காட்டுக் கட்டணத்தை நீக்கிவிட்டது. ஆனால் பணப் பரிமாற்றத்திற்கு ஒவ்வொரு கொடைக்கும் 2.9 விழுக்காடும் அதோடு 30 சென்ட்டும் பிடிக்கப்படுகிறது. 500 டாலர் கொடுப்பவருக்கு இது 14 டாலர் 80 சென்ட், மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. 5 டாலர் கொடுப்பவருக்கோ ஏறத்தாழ 45 சென்ட், ஒன்பது விழுக்காடு! வெளிநாடுகளில் வாழும் நம் உறவினர் இதை நினைவில் கொள்வது நல்லது. பத்துப் பேர் தனித்தனியே ஐந்து டாலர் கொடுப்பதைவிட, ஒருவர் கையில் சேர்த்து ஐம்பதாகக் கொடுத்தால் ஏழையின் காசு அவ்வளவாகத் தேயாது.

அயல்நாட்டுப் பணத்தைப் பற்றி இன்னொன்று. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் உழைப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது அயல்நாட்டுக் கொடையாகக் கருதப்படாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் அது 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் வரும். பதிவு பெறாத பங்கோ சங்கமோ அதைப் பெறலாகாது. நல்லெண்ணத்தால் வந்த பணமாயினும் சட்டம் சட்டமே.

இவ்வளவு கணக்குக்குப் பிறகும் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு கட்டணத்தை, விழுந்தவரின் மனைவி எங்களுக்குக் காட்டினார். மனத்தைத் தொடும் படம் இருந்தால் பணம் விரைவில் வரும் என்று ஒரு தளத்திலிருந்து தொலைபேசியில் பேசியவர் சொல்லியிருந்தார். கட்டிலில் கிடக்கும் கோலத்தில், தையல் தெரிய ஒரு படம் வேண்டும் என்றாராம்.

“வேண்டாம் சாமி” என்றார் அந்தப் பெண். “நாளைக்கு எம் புள்ள பள்ளிக்கூடத்துல யாராவது அதைக் காட்டுவாங்க. பணம் கொஞ்சம் மெதுவாவே வரட்டும்.”

கூட்டம் அமைதியானது. இடக்கைக்குத் தெரியாமல் வலக்கை கொடுக்க வேண்டும் என்ற ஆண்டவரின் போதனையை நாம் கொடுப்பவரின் பணிவுக்காக மட்டும் சொல்லப்பட்டது என்று எண்ணுகிறோம். பெறுபவரின் மானத்திற்கும் அது காவல் அன்றோ? விழுக்காட்டில் வாங்கும் கட்டணம் பணத்தோடு தீர்ந்துவிடும். முகத்தைக் கொடுத்துப் பெற்ற பணத்திற்கான கட்டணத்தை ஒரு குழந்தை பல ஆண்டுகள் செலுத்த நேரலாம்.

முடிவில் இரு வழிகளையும் எடுத்துக்கொண்டோம். மலையிலும் சேலத்திலும் இருப்பவர்களுக்கு நேர்வழி: அந்தப் பெண்ணின் கணக்கு, அன்பியம் எழுதும் ஏடு, மாதம் ஒருமுறை ஞாயிறு திருப்பலிக்குப் பின் வரவுசெலவு வாசிப்பு. தொகைகள் வாசிக்கப்படும், கொடுத்தவர் பெயர்கள் வாசிக்கப்பட மாட்டா. மலையில் படித்து வெளியூர் சென்றவர்கள், தோட்டத்தை விட்டு நகரங்களில் குடியேறியவர்கள் ஆகியோருக்காக, கட்டணத்தை முன்னதாகவே சொன்ன முதல் தளம். சக்கர நாற்காலியில் அமர்ந்து, நேராகப் பார்க்கும் படம் ஒன்றே அதில் போடப்பட்டது. கொடுப்பவரின் நூறு ரூபாயில் 91 ரூபாய் 74 காசு சேரும் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். இப்படி எழுதினால் யாரும் கொடுக்கமாட்டார்கள் என்று இளைஞர்கள் தயங்கினார்கள். ஆனால் குறைவதைத் தாமே ஈடுசெய்வதாகச் சொல்லி 110 ரூபாய் அனுப்பியவர்களும் இருந்தார்கள். நான்கு மாதங்களில் தேவை நிறைவேறியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏட்டின் வழியே வந்தது. பத்து ரூபாய்க் காசுகளும் அதில் இருந்தன.

உங்கள் பங்கிலும் இப்படி ஒரு தேவை எழலாம். அப்போது தளங்களின் விழுக்காட்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். கொடுப்பவரின் பையிலிருந்து நூறு ரூபாய் புறப்பட்டால் எவ்வளவு போய்ச் சேரும் என்று கேளுங்கள். வரியும் பரிமாற்றச் செலவும், முன்னதாகவே குறிக்கப்பட்ட அன்பளிப்பும், விளம்பரத்திற்கெனக் கேட்கும் தனிப்பங்கும் அதில் அடங்கட்டும். பணம் எத்தனை நாளில், யார் கைக்கு வரும் என்று கேளுங்கள். தேவைக்கு மேல் வந்தால் மீதி என்னவாகும் என்று கேளுங்கள். தனி ஒருவரின் சிகிச்சைக்குக் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை இல்லை என்பதைக் கொடுப்பவருக்குச் சொல்லுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, இந்த உதவிக்காகப் பெறுபவர் எதை வெளியே காட்ட வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள்.

எருசலேம் கோவிலின் முற்றத்தில் நாணயம் மாற்றுவோர் அமர்ந்திருந்தார்கள். கோவில் வரிக்கு உரிய வெள்ளிக்காசைப் பெற விரும்பியவர் ஒரு சிறு கட்டணம் கொடுக்க வேண்டும். அதற்கான விதிகளை யூதரின் மிஷ்னா நூலில் காணலாம். அதுவும் ஒரு தேவையான பணியே. ஆனால் பணி வணிகமாகி, இறைவேண்டலின் இடத்தையே அடைத்துக்கொண்டபோது ஆண்டவர் மேசைகளைக் கவிழ்த்தார். அதே கோவிலின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, ஓர் ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு சிறு காசுகளை எண்ணியவரும் அவரே. செல்வர் இட்ட பெருந்தொகைகளுக்கு நடுவில் அவ்விரு காசுகளின் எடையை அவர் அறிந்திருந்தார். அந்தக் காசு நம் கைகளின் வழியாகவும் நம் இயந்திரங்களின் வழியாகவும் இன்றும் பயணம் செய்கிறது. அது வழியில் எவ்வளவு தேய்கிறது என்று கணக்குப் பார்ப்பதை உலகக் காரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கைம்பெண்ணுக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை அது.